பின்னாலேயே வரும் பெட்டி

5.1.2025, ஞாயிறு

பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள். பதினேழு ஜாக்கெட் தைக்கக் கிடக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, அஸர் தொழுகை முடிந்ததும் கிளப்புக்குப் போய்விட்டேன். போகிற வழியில் இவர் ஆட்டோவை ஓரங்கட்டி, சவாரிக்காரர்கள் முன்னாலேயே கேட்கிறார்: "இன்னா தஸ்லீ, ரோபோவுக்கு அளவெடுக்கப் போறியா?" கட்டின புருஷனே கிண்டல் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வரட்டும்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. என் சின்னம்மா மகன் ரிஸ்வானின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு அறை. 'பழவேற்காடு ரோபோ கிளப்' என்று அவனே பிரிண்ட் எடுத்துக் கதவில் ஒட்டியிருக்கிறான். ஞாயிறுதோறும் கூடுவது மூன்றே பேர். ரிஸ்வான், மீனவர் குப்பத்திலிருந்து வரும் படகு இன்ஜின் மெக்கானிக் அர்ஜுனன், அப்புறம் நான்.

கறுப்பு டேப் மேலேயே ஓடும் கார் இன்றைக்கும் வளைவில் தடம் மாறி மேசையிலிருந்து விழுந்தது. மூன்றாவது தடவை. வளைவு ரொம்ப ஒடுக்கம், ஜாக்கெட்டுக்குக் கைக்குழி வெட்டுகிற மாதிரி அகலமாகப் போடு என்றேன். "லாத்தா, நீங்க டேப் ஒட்டுங்க, புரோகிராம நான் பாத்துக்கறேன்" என்றான் ரிஸ்வான். லாத்தா என்றால் எங்களில் அக்கா. எனக்கு வந்ததே கோபம். டேப்பைப் பிய்த்து, கைக்குழி வளைவில் ஒட்டினேன். கார் சுற்றி வந்தது. ரிஸ்வான் காரை எடுத்துச் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தான். அர்ஜுனன் மட்டும், "அக்கா சொன்னது கரெக்டுப்பா" என்றான்.

எழுதி வைக்கிறேன். நான் செய்த மெஷின் என்று ஒன்றாவது ஓட வேண்டும். டேப் ஒட்டுவதற்கு நான் எதற்கு?

6.1.2025

ஜாக்கெட். ஜாக்கெட். ஜாக்கெட்.

10.1.2025, வெள்ளி

காசியம்மாள் என் கடைக்கு வந்தாள், மகள் அனிதாவுக்குப் பொங்கல் சட்டைக்காக. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். பதினோரு வருஷமாக எனக்குப் பழக்கம், இறால் கொண்டுவந்து தருவாள். வழக்கமாகக் கடைக்கு வந்தால் சிரிப்புதான், இன்றைக்குக் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினாள்.

"முன்பல்லு ரெண்டும் ஆடுது டைலரம்மா. பொன்னேரி டாக்டரு, இனிமே பறிய கடிக்கவே கூடாதுன்ட்டாரு. கடிக்காம எப்டி? ரெண்டு கையும் தண்ணிக்குள்ள சேத்துல கீது."

பறி என்பது பிடித்த இறாலைப் போடும் பனையோலைக் கூடை. மார்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே, அதன் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம். நானே எத்தனையோ முறை கரையிலிருந்து கூப்பிட்டிருக்கிறேன், காசியம்மாள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

கயிற்றில் ஒரு டப்பாவைக் கட்டி இழுத்துப் போயேன் என்றேன். காற்று கண்டபடி இழுக்கிறதாம், வலைக்காக ஊன்றியிருக்கும் கம்புகளில் கயிறு சிக்குகிறதாம், அதைச் சரி செய்வதற்குள் இறால் ஓடிவிடுகிறதாம். எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். ஏரியை விட்டால் செங்கல் சூளைதான் என்றாள். "குடும்பத்தோட போணும். போனா அனிதா பிளஸ் ஒன்ன வுட்டுடணும்."

உடனே என் வாய்: "உன் பின்னாலயே வர்ற மாதிரி ஒரு பெட்டி செஞ்சி தரேன், இரு."

சொல்லிவிட்டேன். இன்னா தைரியத்தில் சொன்னேன்? இந்த வாயை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு!

12.1.2025, ஞாயிறு

கிளப்பில் சொன்னேன். ரிஸ்வான் சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். சிரிக்கவில்லை. சின்னக் கேமரா ஒன்று இருக்கிறதாம். ஒரு கலரைச் சொல்லிக் கொடுத்தால் அந்தக் கலர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மோட்டாரைத் திருப்புமாம். காசியம்மாள் தலையில் அந்தக் கலரில் ஒரு தொப்பி. பெட்டி தொப்பியைத் தேடிப் போகும்.

"மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி போதும்" என்றான் அர்ஜுனன். "அடியில தண்ணிய தள்ள ரெண்டு ஃபேன். நான் பாத்துக்கறேன்."

ரிஸ்வானுக்கு வேறு கணக்கு. பிப்ரவரி 23, பொன்னேரியில் ஒரு கல்லூரிக் கண்காட்சி, யார் வேண்டுமானாலும் தாங்கள் செய்ததைக் கொண்டுவரலாம். "லாத்தா, இத எடுத்துகினு போனா நாமதான் ஃபர்ஸ்ட்டு." போகட்டும். ஆனால் புரோகிராமை இந்தத் தடவை நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடு, கீபோர்டைத் தொட்டால் விரல் இருக்காது.

14.1.2025

அனிதா புதுச் சட்டையோடு வந்து கரும்பு கொடுத்துவிட்டுப் போனாள். கழுத்து கொஞ்சம் இறங்கிவிட்டது. அவள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

19.1.2025, ஞாயிறு

ஓடிச்சு! ஓடிச்சு! அல்ஹம்துலில்லாஹ்!

வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் பெட்டியை விட்டோம். கல்யாண ஜாக்கெட்டில் மிச்சமான ராணி ரோஸ் துணியில் தொப்பி தைத்திருந்தேன். என்னிடம் இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கிற கலர் அதுதான். இவர் அதைத் தலையில் போட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடக்கிறார், பெட்டி உள்ளுக்குள் அவர் போகிற பக்கமெல்லாம் மூக்கைத் திருப்புகிறது. நின்றால் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் மாடியில் நின்று பார்க்கிறார்கள், இவருக்கு ஒரே குஷி, தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

முப்பத்தேழு வரி புரோகிராம். ஒவ்வொரு வரியும் நான் அடித்தது.

24.1.2025, வெள்ளி

ஏரியில் முதல் தடவை. பெட்டி நகரவே இல்லை! ஃபேன் இரண்டும் காற்றில் சர்ர் என்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. தொட்டியில் அழகாக முங்கி நின்ற பெட்டி இங்கே மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரிஸ்வான் பேட்டரியைக் கழற்றுகிறான், ஒயரைப் பார்க்கிறான், நான் புரோகிராமைப் பார்க்கிறேன். காசியம்மாள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, குனிந்து இரண்டு கை சேற்றை அள்ளிப் பெட்டிக்குள் போட்டாள். ஃபேன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

"உப்புத் தண்ணில எல்லாம் மேலதான் தூக்கும்" என்றாள். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த மூன்று பேர், குழாய்த் தண்ணீரில் அளவு பார்த்து வந்திருக்கிறோம். மானம் போச்சு.

ஆனால் பெட்டி அவள் பின்னாலேயே போனது. கொஞ்ச தூரம்தான். அவள் திரும்பிப் பார்த்து, "புது மாப்ள மாதிரி பேசாம வருது பாரு" என்றாள். இனி அதன் பெயர் மாப்ளதான். ரிஸ்வான் வைத்த இங்கிலீஷ் பெயரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

2.2.2025, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் காசியம்மாளோடு இறக்கினோம். அரை மணி நேரம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் வடக்கே நின்றிருந்த பூநாரைக் கூட்டம் எழும்பியது. நூறு, இருநூறு இருக்கும். நின்றிருக்கும்போது வெள்ளை, இறக்கையை விரித்தால் உள்ளே எல்லாம் ரோஸ். நான் தைத்த அதே ரோஸ்! மாப்ள ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் காசியம்மாளை அம்போ என்று விட்டுவிட்டு, முழு வேகத்தில் பூநாரைகளைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

டேய் நில்லுடா, நில்லுடான்னு கரையில ஓடுறேன். மெஷினுக்குக் காதா இருக்கு? நாந்தான் காது வைக்கலியே!

பறவைகளிடம் போய்ச் சேரவில்லை, நல்லவேளை. போய் விழுந்தது, கம்பு ஊன்றிச் சுற்றிக் கட்டியிருந்த சுத்து வலையில். அதுவும் யார் வலை? அர்ஜுனன் குப்பத்து வலை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று குப்பங்கள் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பேர். அடுத்தவர் பாட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள். இத்தனை நாள் காத்திருந்து இன்றைக்குத்தான் அவர்களுடைய பாடு. மாப்ளயின் ஃபேன் வலையைச் சுருட்டி, இரண்டு கம்பைச் சாய்த்து, வலையை அறுத்துத்தான் அதை வெளியே எடுத்தார்கள். உள்ளே இருந்த இறால் முழுக்கப் போய்விட்டது.

அர்ஜுனன் என்னைத் திட்டவில்லை. தலை குனிந்து நின்றான். திட்டியிருந்தால் தேவலை. அவன் சொந்தக்காரர்கள்தான் கத்தினார்கள், அவனைப் பார்த்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்தில் ஊர்க்கூட்டம். அதுவரைக்கும் கிளப் பொருள் எதுவும் ஏரியில் இறங்கக் கூடாது. கூட்டம் வேண்டாம் என்றால் எப்போதும் இறங்க முடியாது. அப்புறம் காசியம்மாளுக்கு நான் என்ன சொல்வேன்?

3.2.2025

சாப்பிடப் பிடிக்கவில்லை. இவர் இன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. அதுவே ஒரு மாதிரி இருக்கிறது.

5.2.2025, புதன்

கிழிந்த வலையை நானே கேட்டு வாங்கி வந்தேன். தையல்காரி கிழித்தது, தையல்காரிதானே சரி செய்ய வேண்டும்? நைலான் நூல் போட்டு, மெஷினில் ஜிக்ஜாக், இரண்டு ஓட்டம். ராத்திரித் தொழுகைக்குள் முடித்துவிட்டேன். கிழிசல் எங்கே இருந்தது என்றே தெரியாது. கூட்டத்தில் இதைப் பார்த்தால் மனசு இளகாமலா போகும்? கொஞ்சம் நிம்மதி.

9.2.2025, ஞாயிறு

குப்பத்துக் கூட்டம். பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, வலையை நீட்டினேன், முகத்தில் பெருமை வேறு. வலை பார்க்கும் முனியன் அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"ஏம்மா, ஜாக்கெட்டு ஷோக்கா கீது. எந்த மீனுக்கு அளவெடுத்த?"

கண்ணிகளையெல்லாம் சேர்த்து மடித்துத் தைத்திருக்கிறேன்! வலை என்றால் ஒவ்வொரு கண்ணியும் விரிந்து கொடுக்க வேண்டும், தண்ணீர் போக வேண்டும், குஞ்சு இறால் தப்பிக்க வேண்டும். நான் தைத்த இடம் துணி மாதிரி விறைத்து நிற்கிறது. "இத ஏரில கட்டுனா தண்ணி வேகத்துக்குக் கம்ப புடுங்கிகினு போயிடும்" என்றார். ஒருத்தர் சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அர்ஜுனன்கூட. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் ஒன்று, சிரித்த பிறகு அந்த இடத்தில் சூடு குறைந்துவிட்டது.

அப்போதுதான் காசியம்மாள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கையால் தடவிப் பிழைக்கிற அவள் ஆட்கள் அந்தக் கூட்டத்துக்குள் வருவது வழக்கமே இல்லை, வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். நேராக நடுவில் வந்து, வாயைத் திறந்து, ஆடுகிற பல்லை விரலால் அசைத்துக் காட்டினாள்.

"உங்க பாட்ட நான் என்னிக்காவது தொட்டுகீறனா? வலைக்குத் தள்ளித்தான் தடவுறோம், எங்க நைனா காலத்துலருந்து. அந்தப் பெட்டி இல்லன்னா நான் ஏரிய வுட்டே போணும். வேற ஒன்னும் கேக்க வர்ல."

கடைசியில் குப்பத்துத் தலைவர்தான் முடிவு சொன்னார்: கண்ணி சரியாக வேண்டும். பாடு நாளில் வலைப் பக்கம் பெட்டி வரக் கூடாது, எந்தப் பக்கம் வலை என்று அர்ஜுனன் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். இன்னொரு தடவை வலையில் விழுந்தால், அதோடு முடிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்தில் அழவில்லை. ஆட்டோவில் அழுதேன்.

11.2.2025

இரண்டு நாளாகக் கடையை மூடிவிட்டு, நான் தைத்த தையலை நானே பிரிக்கிறேன். நான் பிரிக்கப் பிரிக்க, முனியன் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே வருகிறார். "இவ்ளோ கெட்டியா தச்சிகீறியே" என்று அலுத்துக்கொள்கிறார். என் தையல் அப்படித்தான், ஊரில் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

16.2.2025, ஞாயிறு

இன்றைக்குக் கிளப்பில் ஒரே விவாதம். தொப்பிக்கு என்ன கலர்? பச்சை என்றான் ரிஸ்வான், ஏரியில் பாசி. நீலம் என்றேன், வலையும் தார்ப்பாயும் நீலம். சிவப்பு, படகுக் கொடி. மஞ்சள், அர்ஜுனன் மாமா படகே மஞ்சள். காசியம்மாளும் வந்திருந்தாள். நாங்கள் கத்தி முடிக்கும் வரை நாற்காலியில் உட்காராமல் நின்றே கேட்டுக்கொண்டிருந்தவள், "கத்திரிப்பூ கலரு" என்றாள். "முப்பது வருசமா அந்தத் தண்ணில நிக்கறேன். அந்தக் கலர்ல ஒன்னுத்தயும் பாத்ததில்ல."

இதை முதல் நாளே அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லையே! அப்புறம் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன், உட்கார்ந்தாள். இனிமேல் கிளப்பில் நான்கு பேர்.

21.2.2025, வெள்ளி

காசியம்மாளுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது. மற்றதும் ரொம்ப நாள் தாங்காது.

சூளை மேஸ்திரி அவள் வீட்டுக்கு வந்து, வேலைக்கு வருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் புருஷன் சுப்பன் போகலாம் என்கிறார். அனிதா யாரோடும் பேசாமல் இருக்கிறாளாம்.

ரிஸ்வான், ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பொன்னேரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறான். தர மாட்டேன் என்றேன். எனக்கு ஒவ்வொரு நாளும் ஏரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். "ஒரு மாசமா இதுக்குத்தான லாத்தா" என்றான். பாவம்தான், அவன் கேட்பதிலும் தப்பில்லை. எனக்கும் நாலு பேர் முன்னால் அது ஓடுவதைக் காட்ட ஆசையில்லாமலா? ஆனால் தர மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான்.

23.2.2025, ஞாயிறு

ரிஸ்வான் டேப் காரை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினான். சாயங்காலம் போன்: இரண்டாம் பரிசு. வளைவில் ஒரு தடவைகூட விழவில்லையாம். "அந்த வளைவு யாரு போட்டதுன்னு கேட்டாங்க. எங்க லாத்தா, டைலருன்னு சொன்னேன்."

போனை வைத்த பிறகு சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தேன். இவர் என்ன என்று கேட்டார். சொல்லவில்லை.

இங்கே ஏரியில் மாப்ள இரண்டு மணி நேரம் ஓடியது. பூநாரைகள் எழும்பின. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

26.2.2025

பாசியில் சிக்கி நின்றுவிட்டது. அர்ஜுனன் ஃபேனுக்குக் கம்பிக் கூண்டு போட்டான். வெள்ளிக்கிழமை அர்ஜுனன் குப்பத்துப் பாடு இல்லை, வடக்கே மட்டும் வேறு குப்பத்து வலை என்று சொல்லிவிட்டான். அல்லாஹ், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஒழுங்காக ஓடட்டும்.

28.2.2025, வெள்ளி

விடிந்து வெளிச்சம் வந்ததும் கரைக்குப் போனோம். நேற்று அமாவாசை, தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. கத்திரிப்பூத் தொப்பியோடு காசியம்மாள் இறங்கினாள், பின்னால் மாப்ள. கரையில் நான், ரிஸ்வான், அர்ஜுனன். கொஞ்சம் தள்ளி சுப்பன், கையைக் கட்டிக்கொண்டு. பத்து மணிக்கு மேஸ்திரியைப் பார்க்கப் போகிறார்.

ஒரு மணி நேரம் போனது. அவள் தடவுகிறாள், எடுக்கிறாள், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிப் பெட்டியில் போடுகிறாள். பெட்டி அங்கே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இருக்கிறது. ஆனால் அவள் உதடு மட்டும் இறுக்க மூடியே இருந்தது, இல்லாத பறியைக் கடித்துக்கொண்டிருப்பது போல. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலியா? பிடிக்கவில்லையா?

அப்புறம் ஒரு வெயில் தெறிப்பில் மாப்ள தடுமாறி வேறு பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கம் வடக்கு, அங்கேதான் வலை. நான் வாயைத் திறப்பதற்குள்:

"ஏய் மாப்ள! எங்கடா போற? வா இப்டி!"

தொப்பியைக் கழற்றி, எட்டி அதன் முன்னால் ஆட்டுகிறாள். மாப்ள நின்றது, திரும்பியது, அவளிடம் வந்தது. காசியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். தான் கத்தியதைத் தானே அப்போதுதான் கேட்ட மாதிரி. பிறகு சிரித்தாள். பல் விழுந்த இடம் கரை வரைக்கும் தெரிந்தது, கையால் மறைக்கவில்லை. அவ்வளவுதான், அதன் பிறகு பேச்சு நிற்கவே இல்லை. இறாலோடு பேச்சு, பெட்டியோடு பேச்சு, தூரத்தில் தடவிக்கொண்டிருந்த முத்தம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச்சு. முத்தம்மாளுக்குப் பறி வாயில் இருந்தது, தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

பதினோரு வருஷமாக அவளை எனக்குத் தெரியும். ஏரிக்குள் நின்று அவள் பேசி இன்றைக்குத்தான் கேட்டேன்.

பத்து மணிக்கு சுப்பன் சைக்கிளை எடுத்தார். அதை அவள் எப்படிப் பார்த்தாளோ, அங்கிருந்தே, தண்ணீருக்குள் நின்றபடியே, அர்ஜுனன் குப்பம் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்:

"யோவ்! மேஸ்திரிகிட்ட நாங்க வர்லன்னு சொல்லிட்டு வா!"

சுப்பன் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.